ஸ்கேன் அறையில் யாருக்கு என்ன வேலை

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த கையோடு, ரேடியாலஜி தொழில்நுட்பப் படிப்பில் சேர நினைக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் என்னைத் தேடி வருவது வழக்கம். எக்ஸ்ரே அறையிலும் சி.டி. அறையிலும் வேலை பார்த்துவிட்டு, பிறகு அதே துறையில் டெக்னீசியன் மாணவர்களுக்குப் பாடமும் எடுக்கிறேன் என்பதால் ஊரில் இந்த விஷயத்துக்கு என்னை ஒரு முகவரியாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் கேட்பவற்றில் ஒரு கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. "சார், இதைப் படிச்சா ஸ்கேன் எடுக்குற வேலை கிடைக்குமா?" ஸ்கேன் என்று அவர்கள் சொல்வது சி.டி.யையோ எம்.ஆர்.ஐ.யையோ அல்ல, வயிற்றில் ஜெல் தடவி, புரோப் என்ற கைக்கருவியை வைத்து அழுத்தித் திரையில் படம் பார்க்கும் அல்ட்ராசவுண்டைத்தான் சொல்கிறார்கள். குழந்தை பெற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த ஸ்கேன் அது ஒன்றுதான். அதில் கதிர்வீச்சு இல்லை, அதனால் பெண் பிள்ளைக்கு ஏற்றது என்று ஒரு நம்பிக்கையும் கூடவே வரும். என் பதில் "கிடைக்காதுங்க" என்ற ஒற்றைச் சொல். ஏன் கிடைக்காது என்று விளக்கத்தான் அரை மணி நேரம் ஆகும். அந்த விளக்கம் சில காலமாக எனக்கே நிறைவு தருவதில்லை என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குள் நுழைய வழிகள் தெளிவாகவே இருக்கின்றன. பிளஸ் டூவில் உயிரியல் படித்திருந்தால், அரசு மருத்துவக் கல்லூரிகளில் டி.ஆர்.டி.டி. எனப்படும் இரண்டு ஆண்டு ரேடியோ டயக்னோசிஸ் தொழில்நுட்ப டிப்ளமோவில் சேரலாம், அல்லது தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. பட்டம் படிக்கலாம். பட்டப் படிப்பு மூன்று ஆண்டுகள், அதன் மேல் ஓர் ஆண்டு பயிற்சி. இரண்டிலும் அல்ட்ராசவுண்ட் ஒரு பாடமாக உண்டு. பீசோ மின்படிகம் எப்படி அதிர்கிறது, மென்திசுவில் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது என்று எடுத்துக்கொண்டு இயந்திரம் ஆழத்தை எப்படிக் கணக்கிடுகிறது, வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் என்றால் தைராய்டுக்கு ஏன் 7-க்கு மேல் போக வேண்டும், டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படிச் சிவப்பும் நீலமுமாகத் தெரிகிறது என்பதெல்லாம் தேர்வில் கேட்கப்படும். பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். பிறகு பயிற்சிக்காக எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. என்று சுற்றிவிட்டு அல்ட்ராசவுண்ட் அறைக்குள் வரும்போதுதான் நிலைமை வேறாக இருக்கிறது. மற்ற அறைகளில் இயந்திரத்தை இயக்குபவர் டெக்னீசியன். இங்கே இயக்குபவர் மருத்துவர்.

டெக்னீசியன் இந்த அறையில் செய்யும் வேலைகளைச் சொல்லிவிடுகிறேன். வெளியே காத்திருப்பவர்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிச் சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டதா என்று கேட்பது, உள்ளே அழைத்துப் படுக்க வைப்பது, ஜெல் தடவுவது, கர்ப்பிணியாக இருந்தால் சட்டப்படி வைக்க வேண்டிய பதிவான எஃப் படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குவது, மருத்துவர் சொல்லச் சொல்ல அறிக்கையைத் தட்டச்சு செய்வது, படத்தை அச்சிட்டுக் கொடுப்பது, கடைசியில் ஜெல்லைத் துடைத்துக்கொள்ளத் துணி நீட்டுவது. ஒரு புதிய பட்டதாரி இதே வேலையில் சில ஆண்டுகள் இருந்தால் என்ன ஆகும் என்றால், மருத்துவர் வாயைத் திறக்கும் முன்பே பித்தப்பைக் கல்லைத் திரையில் கண்டுகொள்வார். ஆனால் அந்தக் கல்லைத் திரைக்குக் கொண்டுவர அவருக்கு ஒருபோதும் வாய்ப்பு கிடைத்திருக்காது.

கைக்குத் தெரியாத படம்

இந்த இடைவெளியின் ஆழம், வேறு இயந்திரங்களில் வேலை பார்த்தவர்களுக்கே எளிதில் புரியாது. சி.டி.யில் நோயாளியைச் சரியாகப் படுக்க வைத்து, சரியான நெறிமுறையைத் தேர்ந்தெடுத்து இயக்கினால் உடல் முழுவதும் அடுக்கடுக்காகப் பதிவாகிவிடும். அந்தப் பதிவை, படங்களைப் பார்த்து அறிக்கை தரும் மருத்துவரான ரேடியாலஜிஸ்ட் மாலையில் பார்க்கலாம், வேறு ஊரில் உட்கார்ந்தும் பார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் அப்படிப்பட்ட முழுப் பதிவு கிடையாது. விலா எலும்புகளின் இடுக்கில் புரோபைச் சாய்த்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிக் கல்லீரலைக் கீழே வரவழைத்து, சந்தேகம் வந்தால் நோயாளியை இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, பித்தப்பையில் தெரியும் வெள்ளைப் புள்ளி உருளுகிறதா, அதன் பின்னே நிழல் விழுகிறதா என்று அந்த நிமிடத்திலேயே பார்த்துவிட வேண்டும். கை போகாத இடம் படத்தில் இருக்காது. பிறகு யார் பார்த்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இந்தத் திறனைப் புத்தகத்திலிருந்தோ, பக்கத்தில் நின்று பார்ப்பதிலிருந்தோ பெற்றுவிட முடியாது. தோள் வலிக்க வலிக்க நூற்றுக்கணக்கானோருக்குப் பார்த்தால்தான் வரும்.

என்னிடம் படித்த ஒரு பெண், தன் தொகுப்பில் முதலாவதாகத் தேறியவர், ஒரு தனியார் ஸ்கேன் மையத்தில் சில ஆண்டுகள் இருந்தார். புதிதாகச் சேர்பவர்களுக்கு இங்கே மாதம் பதினைந்தாயிரத்தைச் சுற்றித்தான் சம்பளம் என்பதால், மற்ற எல்லாரையும் போல வளைகுடாவுக்கு முயன்றார். அங்கே அல்ட்ராசவுண்ட் எடுக்கும் சோனோகிராபர் என்பது தனிப் பதவி. எக்ஸ்ரே டெக்னீசியனைவிடச் சம்பளமும் மதிப்பும் கூடுதல். எழுத்துத் தேர்வில் எளிதாகத் தேறிவிட்டார். நேர்முகத் தேர்வில் ஒருவரைப் படுக்க வைத்து, "வலது சிறுநீரகத்தைக் காட்டுங்கள்" என்றார்களாம். ஊருக்குத் திரும்பி வந்து என்னிடம் அதைச் சொன்னபோது அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "படம் எப்படி இருக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும் சார், ஆனா அங்க போய்ச் சேர முடியல" என்றார். அவருடன் விண்ணப்பித்த சிலர் அனுபவச் சான்றிதழை விலைக்கு வாங்கியிருந்தார்கள் என்றும், தனக்கும் ஒருவர் விலை சொன்னார் என்றும், தான் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். வாங்கியவர்களின் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்ளாமல் தப்பியிருந்தால், இன்று எங்கோ ஓரிடத்தில் முன்பின் பழகாத கையால் யாருக்கோ வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாட்டிக்கொள்வதைவிட அதுதான் எனக்கு அச்சம் தருகிறது.

அமெரிக்காவில் சோனோகிராபர் வேலை 1975 முதல் தனிப் பதிவேடும் தேர்வும் உள்ள தொழில்; 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தப் பணியாளர்களின் இடைநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 84,000 டாலரை ஒட்டி இருந்தது. பிரிட்டனில் பெரும்பாலும் ரேடியோகிராபர்களே முதுநிலைப் பயிற்சி பெற்று சோனோகிராபர் ஆகிறார்கள். படம் எடுப்பதோடு நிற்காமல் அறிக்கையையும் அவர்களே எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். நம் ஊரில் பேருந்தின் முதுகில் "அல்ட்ராசவுண்ட் டெக்னீசியன் டிப்ளமோ, நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று விளம்பரம் செய்யும் பயிற்சி நிலையங்கள் விற்பது இந்தச் சம்பளத்தைத்தான். எந்த நாட்டுச் சம்பளம், அதற்கு யார் தகுதி பெறுகிறார்கள் என்பதை மட்டும் சொல்வதில்லை.

சட்டம் ஏன் குறுக்கே நிற்கிறது

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் திருத்தப்பட்டுக் கடுமையாக்கப்பட்டது. அதன்படி ஸ்கேன் இயந்திரம் பதிவு செய்யப்பட்ட மையத்தில்தான் இருக்க வேண்டும். இயக்குபவர் ரேடியாலஜி போன்ற முதுநிலைப் படிப்பு முடித்தவராகவோ, குறைந்தது ஆறு மாதப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவராகவோ இருக்க வேண்டும். அந்த ஆறு மாதப் பயிற்சி எவ்வளவு என்பதை 2014-ஆம் ஆண்டு விதிகள் 300 மணி நேரம் என்று வரையறுத்தன. எஃப் படிவத்தைச் சரியாகப் பராமரிக்காததை வெறும் எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது, அதுவும் குற்றம்தான் என்பதை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்தக் கெடுபிடிகள் எதுவும் மிகை என்று நான் நினைக்கவில்லை. சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டிய நிலை இருந்த மாநிலம் இது. 2011 கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகள்தான்.

இருந்தும் எனக்குள் ஒரு வாதம் ஓடிக்கொண்டே இருந்தது. பாலினத்தைச் சொல்லிப் பணம் பார்த்ததாக வழக்குகளில் சிக்கியவர்களில் மருத்துவர்களும் இருக்கிறார்கள். அப்படியிருக்க, மருத்துவர் கையில் புரோப் இருந்தால் பாதுகாப்பு, டெக்னீசியன் கையில் இருந்தால் ஆபத்து என்பது என்ன கணக்கு? டெக்னீசியனுக்கு மட்டும் மனசாட்சி கிடையாதா? சக ஊழியர்கள் கூடும் இடங்களில் இதை நான் உரத்த குரலிலேயே பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

அந்த வாதத்தை இடம் மாற்றியவர் ஓய்வு பெற்ற ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். உறவினர் வீட்டுத் திருமணத்தில், பந்தி முடிந்து பாக்குத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு இந்தப் பக்கம் வந்தது. தொண்ணூறுகளில் சேலம் மாவட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். பிறந்த குழந்தை மூன்றாம் நாள் "மூச்சுத் திணறி" இறந்ததாக எழுதச் சொன்ன வீடுகளின் வாசலில் நின்றவர். என் வாதத்தை முழுவதும் சொல்ல விட்டுக் கேட்டார். மருத்துவர்களும்தானே செய்தார்கள் என்று நான் முடித்ததும், "ஆமா தம்பி, எங்க பக்கம் ஸ்கேன் வந்த புதுசுல சொன்னவங்க டாக்டருங்கதான், அதுல என்ன சந்தேகம்" என்று என்னோடு ஒத்துப்போனார். நான் வென்றுவிட்டதாக நினைத்த நேரத்தில் அவர் பேச்சைத் தொடர்ந்தார். "ஆனா அவங்களப் பத்தி எங்களால ஒரு பெட்டிஷன் எழுத முடிஞ்சது. போர்டுல பேரு இருந்துச்சு, பேருக்குப் பக்கத்துல நம்பர் இருந்துச்சு. அந்த நம்பர் போச்சுன்னா அவங்களுக்குப் பொழப்பு போச்சு, அந்தப் பயம் இருந்துச்சு. இப்ப தருமபுரிப் பக்கம் சின்ன மிஷின வண்டியில வச்சுக்கிட்டு வீடு வீடா வந்து பாத்துட்டுப் போறானாமே, அவனுக்கு என்ன பேரு, என்ன நம்பர்? இன்னிக்குப் புடிச்சா நாளைக்கு வேற ஊருல அதையே செய்வான். அவன் இழக்குறதுக்கு என்ன இருக்கு?"

மனசாட்சியைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன்; அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சட்டத்தை அந்தக் கண்ணோடு மறுபடியும் படித்தேன். தண்டனைப் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கின்றன. ஆனால் மருத்துவருக்கு மட்டும் அதற்கு மேலே ஒன்று உண்டு. நீதிமன்றம் குற்றச்சாட்டைப் பதிவு செய்ததும் மாநில மருத்துவக் கவுன்சில் அவருடைய பதிவை நிறுத்தி வைக்கலாம். குற்றம் உறுதியானால் முதல் முறைக்கு ஐந்து ஆண்டுகள் பெயர் நீக்கம், மறுமுறை என்றால் நிரந்தர நீக்கம். சட்டத்தின் உண்மையான பல் அங்கேதான் இருக்கிறது. டெக்னீசியனிடம் பறிப்பதற்கு அப்படி ஒன்று அன்று இல்லை. எக்ஸ்ரே அறையில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தகுதியைக் கேட்கிறது, சட்டைப்பையில் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் தொங்குகிறது. ஆனால் மருத்துவருக்கும் செவிலியருக்கும் இருப்பதுபோல் பெயரைப் பதிந்து, தவறினால் பெயரை அடிக்கும் ஒரு நாடு தழுவிய கவுன்சில் நமக்கு இருந்ததில்லை. அந்த வெற்றிடத்தை அவமானமாக எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோமே தவிர, அதை நிரப்பும்படி கேட்டவர்கள் நம்மில் குறைவு.

பெயர் எழுதும் பதிவேடு

இந்த இடத்தில்தான் 2021-ஆம் ஆண்டில் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மத்திய, மாநிலப் பதிவேடுகளையும், படிப்புக்கு ஒரே தரத்தையும், தவறு செய்தவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரத்தையும் அது ஏற்படுத்துகிறது. அதன் அட்டவணையில் ரேடியாலஜித் தொழில்நுட்பர் என்ற தலைப்பின் கீழ் சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம் ஆகியவற்றோடு சோனோகிராபரும் இடம்பெற்றிருக்கிறார். ஒரு சட்டம் பெயர் சொல்லி அங்கீகரிக்கும் தொழிலை இன்னொரு சட்டம் செய்ய விடுவதில்லை என்பது வேடிக்கைதான். ஆனால் பழைய சட்டம் தேடிய பிடி, புதிய சட்டத்தில் முதல் முறையாகக் கிடைக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். எனவே என் கோரிக்கையின் வரிசை மாறிவிட்டது. முதலில் பதிவேடு முழுமையாக இயங்கட்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வரட்டும். பிறகு புரோப்பைப் பற்றிப் பேசலாம்.

மருத்துவர் அல்லாதவர் கையில் அல்ட்ராசவுண்ட் கொடுப்பது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்துக் கண் மருத்துவ உதவியாளர்களாக ஆக்குகிறார்கள். புரை அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை அளக்கும் ஏ-ஸ்கேன் அவர்களுடைய வேலைகளில் ஒன்று. அதுவும் ஒலி அலைதான். அந்த அளவில் 1 மில்லிமீட்டர் பிசகினால் உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் இரண்டரை டயாப்டருக்கு மேல் மாறிவிடும். நோயாளி அறுவைக்குப் பிறகும் தடித்த கண்ணாடி போட வேண்டியிருக்கும். அவ்வளவு நுட்பமான பொறுப்பை அந்தப் பெண்கள் சுமந்துகொண்டிருக்கிறார்கள். இதய மருத்துவமனைகள் பலவற்றில் இதயத்துக்கான அல்ட்ராசவுண்டாகிய எக்கோவை எடுப்பதும் இதய மருத்துவரின் மேற்பார்வையில் இருக்கும் டெக்னீசியன்தான். கை பழகிவிட்டால் வேலை வரும் என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

ஆகவே இப்போது தேடி வரும் பிள்ளைகளிடம் நான் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன். அல்ட்ராசவுண்டை மட்டும் மனத்தில் வைத்து இந்தப் பட்டத்துக்கு வராதே, சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் கை தேர்ந்தால் இங்கேயே வேலை உண்டு, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புகளும் அவ்வப்போது வரும். புரோப்தான் பிடிக்க வேண்டும் என்றால் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜியைப் பார். சேரும் முன், அந்த மருத்துவமனையில் எக்கோவை மாணவர்கள் கையால் எடுக்க விடுகிறார்களா என்று கேட்டுக்கொள். வெளிநாட்டில் சோனோகிராபர் ஆக வேண்டும் என்றால், அந்த நாட்டிலேயே மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியில் சேர்வதற்கான பணத்தையும் காலத்தையும் இப்போதே கணக்கில் வை. தோள்பட்டையையும் கணக்கில் வை; நாள் முழுவதும் கையை நீட்டி அழுத்திப் பிடிக்கும் இந்தத் தொழிலில், சம்பளம் நன்றாக இருக்கும் நாடுகளிலும் கழுத்து வலியும் தோள் வலியும் இல்லாதவர்கள் குறைவு. பேருந்து விளம்பர டிப்ளமோவைப் பற்றி மட்டும் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறேன்: வேண்டாம்.

இதையெல்லாம் என் நீண்ட கால நண்பரான ஒரு மூத்த ரேடியாலஜிஸ்டிடம் சொன்னேன். அவர் தாலுகா அளவிலான ஊர்களின் நிலைமையை நன்கு அறிந்தவர். பயிற்சி பெற்ற மருத்துவர் மாறுதலாகிப் போனபின் இயந்திரம் உறை போட்டபடி கிடந்த ஒரு மருத்துவமனையை நாங்கள் இருவரும் சேர்ந்தே பார்த்திருக்கிறோம். ஆனாலும் உடனே மறுத்தார். "நாளைக்கு ஒரு கட்டியைப் பார்க்காம விட்டுட்டா கையெழுத்து யாருது?" என்றார். எடுத்தவருடையது என்றேன், பிரிட்டனில் அப்படித்தான், பதிவேடு இருந்தால் இங்கேயும் அப்படி ஆகலாம் என்றேன். கருப்பையை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். தைராய்டு, கால் ரத்தக்குழாய், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ரத்தக்குழாய்களை இணைத்து உருவாக்கும் ஃபிஸ்டுலா ஆகியவற்றுக்குப் பயன்படும் உயர் அதிர்வெண் லீனியர் புரோப் சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் தெளிவாகக் காட்டாது. அந்த ஒரு புரோப் மட்டும் பொருத்தப்பட்ட இயந்திரத்தை, அதே 300 மணி நேரப் பயிற்சி பெற்ற, பதிவு எண் உள்ள டெக்னீசியனிடம், உங்கள் மேற்பார்வையிலேயே கொடுத்துப் பார்க்க என்ன தடை என்று கேட்டேன். சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும் என்றார். ஆமாம், திருத்தத்தான் கேட்கிறேன் என்றேன். தேநீர் ஆறும்வரை யோசித்தவர், "தைராய்டு வரைக்கும் சரி, கழுத்துக்குக் கீழே இன்னொரு நாள் பேசலாம்" என்றார்.